விலை சொன்னால் கனக்கும் தட்டு

எங்க தெருவோட பாட்டுத் தட்டு கனக்க ஆரம்பிச்சது ஆவணி மாசம் ரெண்டாவது வியாழக்கிழமை காலைல பத்தே கால் மணிக்கு, அதுக்குக் காரணம் என் வாய்தான், வேற யாரையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். என் பேரு சப்பாணிமுத்து, தூத்துக்குடில முப்பத்திரண்டு வருசமா மூட்டை தூக்குறேன், உப்பு, சிமெண்டு, முந்திரி, வெங்காயம்னு ஊருக்குள்ள வந்தது போனது எல்லாம் இந்தப் பிடரி வழியாத்தான் போயிருக்கு, அதனால எடையைப் பத்தி எனக்கு எவனும் பாடம் நடத்த வேண்டாம், ஒரு சரக்கைக் கண்ணால பாத்தாலே இத்தனை கிலோன்னு சொல்லிருவேன், கால் கிலோ கூடக் குறைய இருந்தா மீசையை எடுத்துருதேன்.

தட்டு இருந்தது சுயம்புக்கனி வீட்டுல. பழைய பண்டகசாலைத் தெருவுல சவுண்டு சர்வீஸ் வச்சிருக்கிற பொம்பளை, புருசன் போனதுக்கப்புறம் கம்பத்துல ஏறிக் குழாய் கட்டுறதுல இருந்து வயர் இழுக்கிறது வரைக்கும் ஒத்தையாளா நின்னு பாக்குறவ, ஒரு சொல்லு சொன்னா ஒம்பது சொல்லு திருப்பிக் குடுத்துருவா. அரக்குல செஞ்ச கறுப்புத் தட்டு, சாவி குடுக்குற பழைய கிராமபோன் பெட்டில போடுறது, அதுல பாடியிருக்கிறது வெள்ளச்சின்னு எங்க தெருவுல உப்புச் சுமந்த ஒரு பொம்பளை. வெள்ளைக்காரன் காலத்துல பாட்டுக் கம்பெனிக்காரன் டவுன்ல ஒரு லாட்ஜுல மிஷினை வச்சுப் பெரிய பெரிய வித்வானையெல்லாம் பதிஞ்சுக்கிட்டு இருந்தப்போ, ஒருநாள் மத்தியானம் வரவேண்டிய பாகவதர் வராமப் போக, கீழ மூட்டை இறக்கிட்டு வேர்த்துப் போய் நின்ன வெள்ளச்சியைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னான், அவளும் சும்மாட்டை அவுத்து இடுப்புல சொருகிக்கிட்டுக் கல்யாணப் பாட்டு ஒண்ணைப் பாடிட்டு இறங்கிப் போயிட்டா. நூறு தட்டு அடிச்சானாம். தொண்ணூத்தொம்பது உடைஞ்சது, தொலைஞ்சது, எங்க போச்சுன்னே தெரியாது. மிச்சம் ஒண்ணு எங்க தெருவுல.

அன்னைல இருந்து அந்தத் தட்டு இல்லாம எங்க தெருவுல தாலி ஏறினது இல்ல. கல்யாணப் பொண்ணு சவுண்டு சர்வீஸ் வீட்டுல இருந்து அதை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டுப் பந்தல் வரைக்கும் நடந்து வரணும், பந்தல்ல அதைப் போடணும், பாட்டு முடிஞ்சதும் மிஷின் இன்னும் ஓடுதுன்னு தெரியாம வெள்ளச்சி "போதுமாய்யா?"ன்னு கேப்பா, அதுவும் தட்டுல பதிஞ்சிருக்கு, உடனே பந்தல்ல இருக்கிற மொத்த சனமும் "போதாது!"ன்னு கத்தும், அப்புறந்தான் மேளம். எங்க அம்மாவும் தூக்கிட்டு வந்தா, என் பெண்டாட்டி பூலம்மாவும் தூக்கிட்டு வந்தா. என் மக ஆவுடைக்கு அந்த வியாழக்கிழமைல இருந்து பதினோரு நாள் கழிச்சுக் கல்யாணம், தட்டைச் சொல்லிவைக்கத்தான் நான் போனேன்.

போன இடத்துல ரகுநந்தன்னு ஒரு சார் உக்காந்திருக்காரு, சென்னைக்காரரு, பழைய தட்டு தேடி ஊர் ஊரா அலையிறவரு, கையில வெள்ளைத் துணி உறை, கழுத்துல ஒரு லென்சு. "ஐயா, அந்த அலமாரில இருந்து கொஞ்சம் எடுத்துத் தாங்களேன்"னாரு என்கிட்ட. சுமைதூக்குறவங்களுக்குன்னு ஒரு பழக்கம் உண்டு, எந்தச் சரக்குல கை வைக்கிறதுக்கு முந்தியும் "என்ன மதிப்பு?"ன்னு கேட்டுக்குவோம், பீங்கானா, கண்ணாடியா, கீழ விழுந்தா யார் தலைல விடியும்னு தெரியணும்ல, அந்தப் பழக்கத்துல, தட்டைக் கையில எடுத்துக்கிட்டே, "என்ன சார் மதிப்பு இருக்கும்?"னு கேட்டுத் தொலைச்சேன். "ஒரு லட்சம் தர்றேன்"னாரு. அவரு வாயை மூடல, என் கையில ஒரு மூட்டை உப்பு வந்து உக்காந்த மாதிரி இறங்கிச்சு, மத்தவனா இருந்தா விரலு போயிருக்கும், நான் முழங்காலை மடக்கி மெதுவா மேசை மேல வச்சேன், மேசைக்கால் ஒண்ணு மடக்குனு ஒடிஞ்சது.

"பாத்து வைங்க அண்ணாச்சி, மேசை புதுசு"ன்னா சுயம்புக்கனி. அப்புறம் அவரைப் பாத்து, "விக்கிறதுக்கு இல்ல சார்"னா.

"ரெண்டு லட்சம்." மிச்சம் மூணு காலும் போச்சு.

"மாட்டேன்."

"அஞ்சு." தட்டு தரைக்கு வந்திருச்சு, சிமெண்டுத் தரை கீறல் விட்டுச்சு. இவ மாட்டேங்க மாட்டேங்க அவரு ஏத்துறாரு, அவரு ஏத்த ஏத்த அது கனக்குது. சாயந்திரம் அவரு லாட்ஜுக்குப் போகும்போது பத்து லட்சத்துல நின்னுச்சு, தட்டு தரைக்குள்ள ஒரு சாண் இறங்கிக் கிணத்துத் தவளை கணக்கா மேல பாத்துக்கிட்டுக் கிடந்தது. பத்து மூட்டை, அரை டன், என் கணக்கு தப்பாது.

இதுல ஆச்சரியப்பட எங்க தெருவுல யாருக்கு நேரம் இருக்கு? மறுநாளே கூட்டம் வந்திருச்சு, வந்தவங்க எல்லாம் அவங்கவங்க வேலையைத்தான் பாத்தாங்க. மீன்காரி ரோசம்மா இனி இந்த வீட்டுப் பக்கம் சத்தமா விலை சொல்ல மாட்டேன்னு விரலைக் காட்டியே சாளை வித்தா, அதைப் பாத்துக் கீரைக்காரனும் விரலுக்கு மாறினான், தெருவே ஊமை விலைல ரெண்டு நாள் ஓடுச்சு, பாதிப் பேரு விரலைத் தப்பாப் பாத்துச் சண்டை போட்டாங்க. வார்டு மெம்பர் வந்து, தரை இறங்குனதுக்கு எந்த இலாகால மனு குடுக்கணும்னு யோசிச்சு யோசிச்சு, கடைசில குடிநீர் இலாகாவுக்கு எழுதிட்டுப் போனாரு. எங்க சங்கத்துல அவசரக் கூட்டம் போட்டாங்க, கூலிப் பட்டியல்ல பாட்டுத் தட்டுன்னு ஒரு இனம் இல்ல, அதை உடையுற சரக்குல சேர்க்கிறதா கனரகச் சரக்குல சேர்க்கிறதான்னு மூணு மணி நேரம் பேசி, ரெண்டுலயும் சேர்த்தாங்க. ஒருத்தி தன் புருசனைக் கொண்டாந்து தட்டுப் பக்கத்துல நிறுத்தி, "இவருக்கு என்ன விலை சொல்லலாம், கொஞ்சம் கனத்த மனுசனா ஆவட்டும்"னு கேட்டா. டீக்கடை அந்தோணி உள்ள எட்டிப் பாத்து, "ஒரு கோடி!"ன்னு கத்தினான், எல்லாரும் பதறிப்போய்ப் பின்னால ஓடினோம், தட்டு அசையல. அவன்கிட்ட கோடியும் இல்ல, வாங்குற எண்ணமும் இல்ல. சரி, இறக்கிப் பாப்போம்னு, "இது காலணா பெறாது, குப்பை, ஓட்டைத் தட்டு"ன்னு எல்லாரும் சேர்ந்து திட்டினோம், அதுக்கும் அசையல, நாங்க சொல்றது பொய்யின்னு அதுக்குத் தெரியாதா? மனசார வாங்க நினைக்கிறவன் மனசாரச் சொல்ற விலைதான் அதுக்கு ஏறும்னு அன்னைக்கு எங்களுக்குப் புரிஞ்சது.

மனசார நினைச்சவரு ஒருத்தர்தான். டாண்ணு காலைல பத்து மணிக்கு வருவாரு, குழிக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காருவாரு, லென்சை வச்சுத் தட்டு நடுவுல ஒட்டியிருக்கிற தாள்ல வெள்ளச்சி பேரைப் படிப்பாரு, கண்ணு கலங்கும், விலையை ஏத்துவாரு. கெட்டவருன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். ஒருநாள் சுயம்புக்கனிகிட்டக் கையெடுத்துக் கும்பிட்டே சொன்னாரு.

"அம்மா, நீங்க இதைப் போடப் போட அழிச்சுக்கிட்டு இருக்கீங்க. ஒவ்வொரு தடவை ஊசி ஓடும்போதும் இந்த வரி தேயுது. உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு. என்கிட்ட குளிர் ரூம்ல இருந்தா இன்னும் நூறு வருசம் இருப்பாங்க இந்த அம்மா."

"இருப்பா சார். யாருக்குப் பாடுவா?"

"பாட வேண்டியதில்லை. இருந்தாப் போதும்."

"அப்படி இருக்கிறதுக்கு அவ என்ன கல்லறைல பேரா?"ன்னு கேட்டா சுயம்புக்கனி. அதுக்கு அவரு பதினெட்டு லட்சம்னாரு. ஆனா அவரு சொன்னது பொய் இல்ல, அதான் வயித்தெரிச்சல். பூலம்மா தூக்கிட்டு வந்த காலத்துல வெள்ளச்சி குரல் தெரு முக்கு வரைக்கும் கேட்டது, இப்போ இரைச்சலுக்கு நடுவுல அவளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கு, எங்களுக்குத் தெரியாதா.

என் வீட்டுலயா, கேக்கவே வேண்டாம். "அந்த வாயை வச்சுக்கிட்டுச் சும்மா கிடந்தா என்ன கேடு உமக்கு? எல்லாத்துக்கும் மதிப்பு கேக்கணுமா? என்னைக் கட்டும்போது கேட்டீரா?"ன்னு பூலம்மா நான் சோத்துல கை வைக்கும்போதெல்லாம் ஆரம்பிப்பா, நான் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போயிருவேன், தப்பு என் பேர்ல இருக்கும்போது எதை மெல்ல எதை முழுங்க. மாப்பிள்ளை கோவில்பட்டிக்காரன், அவங்க வீட்டுல இருந்து, அதையெல்லாம் எதுக்கு இழுத்துப் போட்டுக்கிறீங்க, பாட்டைச் செல்லுல பதிஞ்சு வச்சுப் போட்டுக்கிடலாமேன்னு சொல்லி அனுப்பினாங்க. ஆவுடை ஐஸ் பிளாண்டுல இறால் பிரிக்கிறவ, ஈரக் கையைக் கூடத் துடைக்காம நின்னு கேட்டுட்டு, "அப்போ நான் கையில எதை ஏந்திட்டு வரணும், செல்லையா? அந்தத் தட்டு வந்தாத்தான் நான் பந்தலுக்கு வருவேன், வரலைன்னா அவங்க கோவில்பட்டிக்குத் திரும்பிப் போகட்டும்"னா. ஏறெடுத்து என் முகத்தை மட்டும் பாக்கல. அதுதான் எனக்கு நெஞ்சுல குத்துச்சு.

கல்யாணத்துக்கு முந்துன நாள் ஞாயித்துக்கிழமை சங்கத்து ஆளுக இருபத்து நாலு பேரைக் கூட்டிட்டுப் போனேன். விலை அன்னைக்கு நாப்பதுல நின்னுச்சு, ரெண்டு டன், தட்டு முழங்கால் ஆழத்துல கிடந்தது. கடப்பாரை போட்டோம், சங்கிலிக் கப்பி கட்டினோம், ஐலசா போட்டோம், என் கைத்தோல் உரிஞ்சது, மேல் உத்தரம் வளைஞ்சதே தவிர அது ஒரு நூல் எந்திரிக்கல. முப்பத்திரண்டு வருசத்துல நான் தூக்க முடியாம விட்ட முத சரக்கு என் மக கல்யாணச் சரக்கு. அங்கேயே தரைல உக்காந்து அழுதேன், இருபத்து நாலு ஆம்பளைங்களுக்கு முன்னால, வெக்கமா இருந்தது, இருந்தாலும் அழுதேன்.

விடிஞ்சா முகூர்த்தம் பத்தரை மணி. எட்டு மணிக்கே ஆவுடை அரக்குக் கலர் பட்டுச் சேலை, மாலை, நெத்திச்சுட்டியோட சுயம்புக்கனி வீட்டுக்கு வந்து, குழிக்குப் பக்கத்துல நின்னு, "அத்தை, அதைத் தூக்க முடியலைன்னா தூக்க வேண்டாம். கிடக்கிற இடத்துலயே போடுங்க. நான் இங்க நின்னே கேட்டுக்கிடுதேன், பந்தலைப் பிரிச்சு இங்க கொண்டாரச் சொல்லுங்க"ன்னா. நல்ல யோசனைதான், ஆனா ரெண்டு டன் தட்டு எப்படிச் சுத்தும்? அப்போ சைக்கிள் கடை மைதீன் பாய், எங்க தெருவுல எல்லாருக்கும் பஞ்சர் ஒட்டுனவரு, குழியை ஒரு பார்வை பாத்துட்டுச் சொன்னாரு.

"தட்டு சுத்தலைன்னா என்ன, நாம ஊசியைச் சுத்துவோம்."

அரை மணி நேரத்துல ஒரு பழைய சைக்கிளை அறுத்து, சக்கரத்தைக் குழி மேல படுக்கப் போட்டு, பெட்டில இருந்து ஊசி மாட்டுற தலையைக் கழட்டி ஆரக்கம்பில தொங்கவிட்டு, பெடலை ஓரமா வச்சுச் சங்கிலி மாட்டிட்டாரு. சுயம்புக்கனி மைக்கை ஊசித் தலைக்குப் பக்கத்துல பிடிச்சுக் கம்பத்துக் குழாய்க்கு வயர் குடுத்தா. அந்த நேரம் பாத்து, அன்னைக்கு மட்டும் சீக்கிரமாவே, நாப்பத்தஞ்சு லட்சத்தோட ரகுநந்தன் சார் உள்ள வந்தாரு. வந்தவரு சைக்கிளையும் ஊசியையும் பாத்துட்டு முகம் வெளுத்துப் போனாரு.

"அம்மா, வேண்டாம். இது ஆடும். ஊசி குதிக்கும். கிழிச்சிரும். உங்களுக்குத் தெரியுதா நீங்க என்ன செய்றீங்கன்னு?"

சுயம்புக்கனிக்குத் தெரியும். அவ குனிஞ்சு, குழிக்குள்ள கையை விட்டு, தட்டைத் தடவுனா, அவ புருசன் கை பட்ட தட்டு, அவ மாமனார் கை பட்ட தட்டு, பிள்ளை இல்லாத அந்த வீட்டுல அவகிட்ட இருந்ததே அது ஒண்ணுதான், கண்ணீர் பொலபொலன்னு அது மேலயே விழுந்தது. சேலைத் தலைப்பால அதையும் துடைச்சு மூஞ்சியையும் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சா.

"கிழிஞ்சா கிழியட்டும் சார். பாடுறதுக்குப் பொறந்த தட்டு. ஆவுடை, சுத்துளா."

என் மக பட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு உக்காந்து கையாலயே பெடலைச் சுத்தினா. சக்கரம் கிளம்பிச்சு, ஊசி தட்டைத் தொட்டுச்சு, ரெண்டு சுத்து கரகரன்னு வந்தது, மூணாவது சுத்துல சக்கரம் ஒரு ஆட்டம் ஆடி ஊசி ஓரத்துல இருந்து நடு வரைக்கும் சர்ருனு ஒரு கோடு இழுத்துச்சு. ரகுநந்தன் சார் தன் நெஞ்சைக் கிழிச்ச மாதிரி அலறினாரு.

"போச்சு! கீறல்! பாதி விலை போச்சே!"

அப்போ குழிக்குள்ள மண்ணு நெறுநெறுன்னு ஒரு சத்தம் குடுத்தது. மத்தவங்களுக்கு அது வெறும் சத்தம், எனக்கு அப்படி இல்ல, லாரில இருந்து பாரம் இறங்கும்போது அமுங்குன வில்லுப் பட்டை எந்திரிக்கிற சத்தம் அது.

"சார், நிசமாச் சொல்லுங்க, இப்ப இது என்ன மதிப்பு?"ன்னு கேட்டேன்.

"கேக்குறீங்களே ஐயா! இருபது கூடத் தேறாது!"

தட்டு ஒரு சாண் மேல வந்தது. "நிறுத்தாத மக்ளே, சுத்து!"ன்னேன். ஆவுடை பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சுத்தினா, மாலை அறுந்து விழுந்தது, மைதீன் பாய் ஊசியைத் திரும்ப ஓரத்துல எடுத்து வச்சு, சக்கரம் ஆடாமப் பிடிச்சுக்கிட்டாரு, ஊசி கோட்டைத் தாண்டும்போதெல்லாம் டக்குனு ஒரு சத்தம், டக், டக், டக், அந்த டக்குக்கு நடுவுல வெள்ளச்சி எந்திரிச்சு வந்தா, குழாய் வழியாத் தெரு முழுக்க வந்தா, மீன் கூடையோட ரோசம்மா வாசல்ல நின்னுட்டா, வெளிய நின்ன சங்கத்து ஆளுக எல்லாம் துண்டை இடுப்புல கட்டினாங்க. "பத்து... அஞ்சு... ஐயோ, இனி எவன் வாங்குவான்... ஆயிரம் ரூவாய்க்குக் கூட..."ன்னு அவரு ஒவ்வொரு டக்குக்கும் மனசாரப் புலம்பப் புலம்பத் தட்டு மேல மேல ஏறி வந்து, தரை மட்டத்துக்கு வந்து, வெள்ளச்சி "போதுமாய்யா?"ன்னு கேக்கிற நேரத்துல தானாவே சுத்த ஆரம்பிச்சிருச்சு. தெரு மொத்தமும் "போதாது!"ன்னு போட்ட போடுல சுவத்துல தொங்குன மாலை போட்ட போட்டோ எல்லாம் ஆடிச்சு.

ஆவுடை அதை ரெண்டு கையிலயும் எடுத்தா. நான் கிட்டப் போய், ஒரு விரலைக் கீழ குடுத்துப் பாத்தேன். ஒரு தட்டு என்ன கனம் கனக்குமோ அந்தக் கனம், நெஞ்சுல கை வச்சுச் சொல்லுதேன், கூடவும் இல்ல குறையவும் இல்ல. பதினோரு நாளைக்கப்புறம் என் மக அப்போதான் என் முகத்தைப் பாத்தா. "வாங்கப்பா, நேரமாச்சு"ன்னா. எனக்கு அதுக்கு மேல என்ன வேணும்.

நாங்க தெருவோட நடந்தோம், முன்னால ஆவுடை, அவளுக்குப் பக்கத்துல பூலம்மா, பின்னால துண்டு கட்டின இருபத்து நாலு பேரு. பந்தல்ல மாப்பிள்ளை வீட்டாரு எந்திரிச்சு நின்னாங்க. சுயம்புக்கனி பெட்டில ஊசித் தலையைத் திரும்ப மாட்டி, சாவி குடுத்து, தேஞ்ச ஊசியைத் தூரப் போட்டுட்டுப் புது ஊசி எடுக்கும்போது, கூட்டத்துக்குக் கடைசில இருந்து ரகுநந்தன் சார் வழி கேட்டு வழி கேட்டு முன்னால வந்தாரு. சட்டை எல்லாம் மண்ணு, கையில இருந்த வெள்ளை உறையைக் கழட்டிட்டாரு. இனி என்ன சொல்லப் போறாரோன்னு எனக்குக் கை துறுதுறுத்துச்சு.

"அம்மா, நான் இதுவரைக்கும் இந்தப் பாட்டைக் கேட்டதே இல்ல. பேரை மட்டும்தான் படிச்சிருக்கேன். இப்பவும், கத்திக்கிட்டே இருந்துட்டேன், காதுல எதுவுமே விழல." உறையைச் சுருட்டிச் சட்டைப் பையில வச்சாரு. "போடும்போது நான் ஓரமா நின்னு கேக்கலாமா? ஒரு தடவை போட்டா ஒரு தடவை தேயும், தெரியும். இருந்தாலும் போடுங்க."

சுயம்புக்கனி அவரை மேலயும் கீழயும் பாத்தா.

"உங்களுக்காகப் போடல சார், பொண்ணுக்காகப் போடுதோம். ஆனா குழாய் கட்டியிருக்குல்ல, ஊருக்கே கேக்கும். கீழ உக்காருங்க, பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்குது"ன்னா, ஊசியை இறக்கிவிட்டா.